கம்பி வழியும் கம்பியில்லா வழியும்

ஓர் இல்லத்தில் மாலை நேரம். பத்தாம் வகுப்பில் பயிலும் பெண்ணொருத்தி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பி முடித்திருந்தாள். மறுநாள் காலையில் அதனை அச்சிட்டு, தந்தையாரின் கையெழுத்துடன் பள்ளியில் ஒப்படைத்தல் வேண்டும். அதுவே கடைசி நாள். அன்றைக்கே தந்தையார் புதிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வந்திருந்தார். வீட்டார் யாவரும் பயன்படுத்தும்பொருட்டு அதனைக் கூடத்தில் ஒரு சிறு மேசைமீது வைத்தனர். மையும் தாளும் இட்டாயிற்று. ஆனால், அதன் பின்புறத்தில் வலையமைப்புக் கம்பியைச் செருகுவதற்குத் துளையே இல்லை. அது கம்பியில்லா முறையில் இயங்குவது. மாடியறையிலிருந்த கணினியோ, சுவரோரமாகச் செல்லும் கம்பியால் வீட்டு வலையமைப்போடு பிணைக்கப்பட்டது. கம்பியில்லாத் தொடர்பு கொள்ளும் வசதி அதற்கு இல்லை.

“கணினி கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது; இப்பொறியோ கம்பியே வேண்டா என்கிறது. இவ்விரண்டும் எங்ஙனம் ஒன்றுசேரும்? நாளை இதனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்றார் தந்தையார்.

“சற்றுப் பொறுங்கள், அப்பா. சாலை வழியே நடந்து வருபவரும், ஆற்று வழியே ஓடத்தில் வருபவரும் ஒரே சந்தையில் கூடுவதில்லையா? வழி வேறாயினும் ஊர் ஒன்றுதானே!” என்றாள் மகள்.

அப்பெண் கூறிய விடை பொருள் நிறைந்தது. அதன் உண்மையை அறிந்துகொண்டால், கம்பியில்லா அச்சுப்பொறியைக் கம்பி வலையமைப்போடு இணைக்கும் முறை எளிதில் விளங்கும்.

வலையமைப்பு என்பது யாது?

பல கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளுமாறு இணைக்கப்பட்டிருக்கும் அமைப்பே வலையமைப்பு ஆகும். அதனை ஓர் ஊருக்கு ஒப்பிடலாம். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. அதுபோலவே, வலையமைப்பில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. கணினி, அச்சுப்பொறி, கைப்பேசி ஆகிய யாவும் அம்முகவரியைக் கொண்டே ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

இவ்வூருக்குள் செல்ல இருவகை வழிகள் உள்ளன. ஒன்று, கம்பி வழி. வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் வலையமைப்புக் கம்பியின் உறைக்குள் எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பெற்று, நான்கு இணைகளாக அமைந்திருக்கும். அவற்றின் வழியே செய்தியானது மின்துடிப்புகளாக ஓடும். இத்தகைய கம்பியை ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை கொண்டுசெல்லலாம் என்பது வழக்கிலுள்ள வரையறை.

மற்றொன்று, கம்பியில்லா வழி. இதனையே மக்கள் ‘வைஃபை’ என்கின்றனர். இதில் செய்தியை ஏந்திச் செல்பவை வானொலி அலைகள். அவ்வலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்சு, 5 கிகாஹெர்ட்சு என்னும் இரு அலைவரிசைகளில் அமைந்தவை. முன்னது சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆயினும் தடைகளைக் கடக்கும் ஆற்றலில் சற்றுக் குறைந்தது.

கம்பியினூடே செல்லும் மின்துடிப்பு வேறு. வெளியில் பரவும் அலை வேறு. எனினும், இவை இரண்டும் சுமந்து செல்லும் செய்தி ஒன்றே. ஒரே கடிதத்தை மாட்டு வண்டியிலும் அனுப்பலாம்; ஓடத்திலும் அனுப்பலாம். ஊர்தி மாறுவதனால் கடிதத்தின் எழுத்து மாறிவிடுவதில்லை அன்றோ?

இரு வழிகளும் ஒரு குடிப்பிறந்தவை

கம்பி வழியும் கம்பியில்லா வழியும் ஒன்றோடொன்று பகைத்தவை எனப் பலர் எண்ணுகின்றனர். அவற்றின் பிறப்பு வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்தவை ஹவாய்த் தீவுகள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கணினியைப் பல தீவுகளிலிருந்தும் பயன்படுத்த வேண்டியிருந்தது. இடையே கடல் இருந்தமையால், நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளின் வாயிலாகக் கணினிச் செய்திகளை அனுப்பும் முறையை வகுத்தனர். ‘அலோகா’ என்னும் பெயருடைய அவ்வலையமைப்பு 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பலர் ஒரே அலைவரிசையில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையுமே என்னும் ஐயம் எழலாம். மோதல் நேர்ந்தால், ஒவ்வொரு நிலையமும் ஒரே கால அளவாக அன்றி, வெவ்வேறு கால அளவு பொறுத்திருந்து மீண்டும் அனுப்பும். இவ்வெளிய விதியே அம்முறையின் உயிர்நாடி.

அதே காலத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரிலிருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில், கேரி ஸ்டார்க்வெதர் என்பார் லேசர் ஒளியால் எழுத்துகளைத் தீட்டும் அச்சுப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தார். வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் விரைவு அப்பொறிக்கு வாய்த்தது. அம்மையத்திலேயே ‘ஆல்ட்டோ’ என்னும் கணினிகளும் உருவாயின. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி. யாவர்க்கும் பொதுவாக ஓர் அச்சுப்பொறி. இவற்றை இணைப்பது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை கண்டவர் ராபர்ட் மெட்கால்ஃப். ஆப்ரம்சனின் வானொலி முறையை ஆராய்ந்த அவர், அதன் கருத்தைத் திருத்தியமைத்துக் கம்பியில் இயங்கச் செய்தார். பேசத் தொடங்குமுன் பிறர் பேசுகின்றனரா எனச் செவிமடுத்தல், மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்துதல் ஆகிய விதிகளையும் அதில் சேர்த்தார். 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் தாம் எழுதிய குறிப்பில் அம்முறைக்கு ‘ஈதர்நெட்’ என்று பெயரிட்டார். டேவிட் பாக்ஸ் என்பார் அதனை உருவாக்குவதில் அவருக்குத் துணை நின்றார்.

ஈதர் என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒளியைச் சுமந்து செல்லும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொருள் வெளியெங்கும் நிறைந்திருப்பதாக முற்கால அறிவியலார் கருதினர். அதனை ஈதர் என அழைத்தனர். மைக்கல்சன், மார்லி ஆகிய இருவர் 1887ஆம் ஆண்டில் நிகழ்த்திய சோதனையில் அதன் அடையாளம் ஏதும் கிட்டவில்லை. அறிவியல் கைவிட்ட அப்பெயரை மெட்கால்ஃப் தம் வலையமைப்புக்குச் சூட்டினார். செய்தியைச் சுமப்பது இன்ன பொருள்தான் என்னும் கட்டுப்பாடு இல்லை. அது கம்பியாகவும் இருக்கலாம், வானொலியாகவும் இருக்கலாம் என்பதே அவர் கருத்து.

ஆகவே, வானொலி முறையிலிருந்து கம்பி முறை கற்றுக்கொண்டது. கணினிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் இணைக்கவேண்டிய தேவையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. பின்னர், மின், மின்னணுப் பொறியாளர் கழகம் கம்பி முறைக்கான தரவிதிகளை 1983ஆம் ஆண்டிலும், கம்பியில்லா முறைக்கான தரவிதிகளை 1997ஆம் ஆண்டிலும் ஏற்று வகுத்தது. இருவகைக் கருவிகளுக்கும் பிறப்பிலேயே பொறிக்கப்படும் அடையாள எண் 48 பிட் என்னும் ஒரே அளவினதாக அமைந்தது. ஒரு குடும்பத்தாருக்குப் பொதுவான குடிப்பெயர் போன்றது இவ்வொற்றுமை. இதனாலேயே இரண்டையும் பாலமிட்டு இணைத்தல் எளிதாயிற்று.

சாலையும் ஆறும் சேரும் துறை

சாலையில் வந்த சரக்கு ஓடத்தில் ஏறவேண்டுமாயின் ஒரு துறை வேண்டும். வலையமைப்பில் அத்துறையாக விளங்குவது ‘அணுகுமுனை’ என்னும் கருவி. அதன் ஒரு பக்கத்தில் கம்பி செருகப்பட்டிருக்கும். மற்றொரு பக்கத்தில் அது வானொலி அலைகளைப் பரப்பும். இக்காலத்தில் வீடுகளுக்கு இணையத்தைக் கொணரும் ‘ரூட்டர்’ என்னும் பெட்டிகள் பலவற்றில் இவ்வணுகுமுனை உள்ளேயே அடங்கியிருக்கிறது. நூலோர் ரூட்டரைத் ‘திசைவி’ என்பர்.

கணினியில் அச்சிடுமாறு கட்டளையிட்டவுடன், பக்கத்தின் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் மீதும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் எழுதப்படும். பொதி கம்பி வழியே அணுகுமுனையை அடைகிறது. அங்கே கம்பிக்குரிய மேலுறை களையப்பெற்று, கம்பியில்லா வழிக்குரிய மேலுறை இடப்படுகிறது. உள்ளிருக்கும் கடிதத்தை அணுகுமுனை மாற்றுவதில்லை. பின்னர் அப்பொதி அலையாகப் பரவி அச்சுப்பொறியை அடைகிறது. கம்பியின் வழியே வந்த செய்தி இது என்பதனை அச்சுப்பொறி அறியாது. அறியவேண்டிய தேவையும் அதற்கில்லை.

இதனால் பெறப்படும் விதி ஒன்றே: கணினியும் அச்சுப்பொறியும் ஒரே வழியில் வரவேண்டுவதில்லை, ஒரே ஊரில் இருத்தல் வேண்டும்.

முகவரி உரைத்த உண்மை

மேற்கூறிய இல்லத்தில் இணையம் கொணரும் பெட்டி பழையது. கம்பிகள் செருகும் துளைகள் மட்டுமே அதற்கு உண்டு. கைப்பேசிகளுக்காக, மூத்த மகன் முன்னரே கம்பியில்லா ரூட்டர் ஒன்றை வாங்கி, அப்பழைய பெட்டியோடு ஒரு கம்பியால் இணைத்திருந்தான். எனவே, அச்சுப்பொறியின் சிறு திரையில் அப்புதிய ரூட்டரின் பெயரைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இட்டாள் மகள். ‘இணைக்கப்பட்டது’ என்று திரை காட்டியது. மாடிக்குச் சென்று கணினியில் தேடினாள், அச்சுப்பொறி அகப்படவில்லை. மகனின் கைப்பேசியிலிருந்து அனுப்பினால் அச்சாகிறது. கணினியிலிருந்து மட்டும் ஆகவில்லை.

“நான் முன்பே சொன்னேனே!” என்றார் தந்தையார். ஆயினும், அப்பெண் மனந்தளரவில்லை. அச்சுப்பொறியின் பட்டியலில் வலையமைப்பு விவரத்தை அச்சிடும் கட்டளை ஒன்று இருந்தது. அதனைக் கொண்டு ஒரு தாளை அச்சிட்டு எடுத்தாள். அதில் பொறியின் முகவரி 192.168.0.104 என்றிருந்தது. கணினியின் முகவரியைப் பார்த்தாள், அது 192.168.1.5 என்றிருந்தது.

192.168 எனத் தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற தனி வலையமைப்புகளின் பயனுக்கென ஒதுக்கப்பட்டவை. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த இணைய விதி ஆவணம் ஒன்று இதனை வரையறுத்துள்ளது. வீட்டு வலையமைப்புகளில் பெரும்பாலும் முகவரியின் முதல் மூன்று பகுதிகள் ஊரைக் குறிக்கும். நான்காம் பகுதி கதவிலக்கத்தைக் குறிக்கும். மேற்கண்ட இரண்டு முகவரிகளிலும் மூன்றாம் பகுதி வேறுபடுகிறது. கணினி இருப்பது ஓர் ஊர். அச்சுப்பொறி இருப்பது வேறோர் ஊர்!

இஃது எவ்வாறு நேர்ந்தது? ரூட்டர் என்பது வெறும் துறை அன்று. அது மதிற்சுவரோடு கூடிய கோட்டை வாயில் போன்றது. தனக்கு உட்பட்ட கருவிகளுக்குத் தானே முகவரி வழங்கி, அவற்றை வெளியிலிருந்து மறைத்துக் காப்பது அதன் இயல்பு. ஒரு ரூட்டருக்குப் பின்னே மற்றொரு ரூட்டரை அவ்வாறே இணைத்தால், ஊருக்குள் ஒரு கோட்டை எழுந்துவிடும். கோட்டைக்குள் இருந்த கைப்பேசிக்கு அச்சுப்பொறி தெரிந்தது. புறத்தே இருந்த கணினிக்குத் தெரியவில்லை. குற்றம் கம்பியினுடையதும் அன்று, அச்சுப்பொறியினுடையதும் அன்று. இடையில் எழுந்த மதிலே தடையாயிற்று.

நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்து எளிது. அப்புதிய ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், ‘அணுகுமுனையாக இயங்குக’ என்னும் தேர்வு இருந்தது. அதனைத் தேர்ந்தவுடன் ரூட்டர் தன் கோட்டைத் தொழிலை விட்டு, துறையாக மட்டும் பணிசெய்யத் தொடங்கியது. முகவரி வழங்கும் பொறுப்பு பழைய பெட்டியிடமே நின்றது. அச்சுப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கியபொழுது, அதற்கு 192.168.1.20 என்னும் முகவரி கிடைத்தது. கணினி அதனை உடனே கண்டுகொண்டது. சிறிது நேரத்தில் கூடத்திலிருந்த பொறி விண்ணப்பத்தின் முதற்பக்கத்தை வெளித்தள்ளிற்று.

சில ரூட்டர்களில் இத்தேர்வு இராது. அப்பொழுது முகவரி வழங்கும் பணியை அதில் நிறுத்திவிட்டு, பிறிதெக் கருவிக்கும் வழங்கப்படாத ஒரு முகவரியைப் பழைய பெட்டியின் வரிசையிலேயே அதற்கு அளித்தல் வேண்டும். பின்பு, இணையத்திற்கென அமைந்த துளையில் இருக்கும் கம்பியை எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கென அமைந்த துளைகளுள் ஒன்றில் செருகினால் அதுவும் அணுகுமுனையாகவே பணிபுரியும்.

பிற தடைகளும் அவற்றை நீக்கும் முறைகளும்

எல்லா இல்லங்களிலும் இதே தடை நேர்வதில்லை. ஒரே ரூட்டரில் கம்பித் துளைகளும் வைஃபையும் இருப்பின், கணினியைத் துளையிலும் அச்சுப்பொறியை வைஃபையிலும் இணைத்தாலே பெரும்பாலும் போதுமானது. ஆயினும், அங்கும் சிலவற்றை நோக்குதல் நலம்.

ரூட்டர்கள் சில, விருந்தினர்க்கெனத் தனி வைஃபை ஒன்றை அளிக்கும். விருந்தினரின் கருவி வீட்டுக் கருவிகளைத் தொடாவண்ணம் அது பிரிக்கப்பட்டிருக்கும். அச்சுப்பொறியை அதில் சேர்த்தால் கணினியால் அதனை அடைய இயலாது. வீட்டாருக்குரிய வைஃபையிலேயே அதனைச் சேர்த்தல் வேண்டும்.

வீட்டு அச்சுப்பொறிகள் பல, 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் மட்டுமே இயங்குவன. ரூட்டரில் அவ்வரிசை அணைக்கப்பட்டிருப்பின், வைஃபையின் பெயரே பொறியின் திரையில் தோன்றாது. அதனை இயக்கியபின் பெயர் தோன்றும்.

நேற்று அச்சிட்ட பொறி இன்று அச்சிடாமல் நிற்பதும் உண்டு. மின்தடை நீங்கியபின் அதற்கு வேறு முகவரி கிடைத்திருக்கும். கணினியோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரில் அப்பொறிக்கென ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை ஒழியும்.

அச்சுப்பொறியில் வலையமைப்புக் கம்பிக்குத் துளை இருப்பின், கம்பியைச் செருகுவதே நேரிய வழி. கம்பியைச் செருகியவுடன் தம் வைஃபையை அணைத்துக்கொள்ளும் பொறிகளும் உள. அதனைப் பழுது எனக் கருதி அஞ்சுதல் வேண்டா. வைஃபை அறவே இல்லாத இடத்தில், சிறிய அணுகுமுனை ஒன்றை வாங்கிக் கம்பி வலையமைப்பில் இணைத்துக்கொள்ளலாம். அன்றி, அச்சுப்பொறியை யு.எஸ்.பி. கம்பியால் ஒரு கணினியோடு பிணைத்து, அக்கணினியின் வாயிலாக மற்றவர்களும் பயன்படுத்தச் செய்யலாம். ஆனால், பிறர் அச்சிட விரும்பும்பொழுதெல்லாம் அக்கணினி இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் மறக்கலாகாதது காவல். வலையமைப்பில் சேர்ந்த அச்சுப்பொறியும் ஒரு சிறு கணினியே ஆகும். அதன் வழியே விண்ணப்பங்களும், சான்றிதழ்களும், வங்கிக் கணக்குகளும் செல்கின்றன. கடையிலிருந்து வரும்பொழுதே அதற்கு இடப்பட்டிருக்கும் கடவுச்சொல்லை மாற்றுதல், வைஃபைக்கு எளிதில் ஊகிக்கவொண்ணாத கடவுச்சொல்லை வைத்தல், வெளியுலகிலிருந்து நேரே அடையும்படி பொறியைத் திறந்துவையாமை ஆகியன ஒவ்வோர் இல்லத்தாரும் கைக்கொள்ள வேண்டியவை. மதில் தேவையற்ற இடத்தில் எழுந்தால் இடையூறு. தேவையான இடத்தில் இன்றேல் கேடு.

அறிவே துறை

மறுநாள் காலையில் தந்தையார் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அச்சுப்பொறி கடைக்குத் திரும்பவில்லை. முதல்நாள் மாலையில் இருந்த அதே கம்பியும், அதே பெட்டிகளும், அதே பொறியுமே அப்பொழுதும் இருந்தன. புதிதாக வாங்கப்பட்டது ஒன்றும் இல்லை. புதிதாக அறியப்பட்டது ஒன்று மட்டும் உண்டு.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும். இன்றுள்ள பெட்டிகளின் வடிவும், திரையில் தோன்றும் சொற்களும் நாளை வேறாகலாம். ஆனால், வழி வேறு, ஊர் வேறு என்னும் தெளிவு மாறாது. ஒரு கருவி பணிசெய்யாதபொழுது அதனைப் பழித்து ஒதுக்குவது எளிது. அது எவ்வூரில் நிற்கிறது, எவ்வழியே வந்தது, இடையில் உள்ள தடை யாது என ஒவ்வொன்றாய் வினவி அறிவதே அறிவுடையோர் செயல். அச்சிட்டு எடுத்த ஒரு தாளில் இருந்த இரண்டொரு எண்களை ஒப்புநோக்கியதனால் அப்பெண்ணின் இடர் தீர்ந்தது. அவ்வாறு நின்று நோக்கும் பழக்கம், கணினியும் அச்சுப்பொறியும் இல்லாத இடங்களிலும் மாணவர்க்குத் துணைநிற்கும்.